கப்பல் பட்டறையா, சிகரெட்டா, சமையலா? அப்பாவுக்கு ஏன் வந்தது இந்த நோய்?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 63 வயது. கப்பல் பட்டறையில் முப்பது வருடம் சாயமடிப்பும் வெல்டிங்கும். இருபது வயதிலிருந்து சிகரெட். ஆறு மாதத்துக்கு முன் மோட்டார் நியூரான் நோய் என்று உறுதியாகிவிட்டது. தசைகளை ஆட்டுவிக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்லச் செத்துப்போகும் நோய் அது. பட்டறைப் புகைதான் காரணம் என்கிறார் பெரியப்பா. சிகரெட் என்கிறார் அக்கா. அம்மாவோ, இத்தனை வருடம் குழம்பில் போட்ட அஜினோமோட்டோவை நினைத்து அழுகிறார். தம்பி மாரத்தான் ஓடுகிறவர். ஓட்டக்காரர்களுக்கும் இந்த நோய் வருகிறது என்று எங்கோ படித்துவிட்டு, ஓடும் காலணியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். இதில் எது உண்மை என்பது கேள்வி.

நான் நரம்பியல் டாக்டர் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள். இந்த நோயாளிகள் பலரோடு வருடக்கணக்கில் பழகியிருக்கிறேன், அதனால் இதைப் பற்றி வருவதை எல்லாம் விடாமல் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கலாம். அஜினோமோட்டோ இந்த நோயைக் கொண்டுவரும் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. இந்தச் சந்தேகம் எங்கிருந்து கிளம்புகிறது என்றும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ரிலுசோல் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. என்ன செய்கிறது என்று கூகலில் தேடினால், நரம்பணுக்களுக்கு நடுவே குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவு மீறுவதைக் குறைக்கிறது என்று வரும். அஜினோமோட்டோவின் பெயரோ மோனோசோடியம் குளூட்டமேட். இரண்டையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்? ஆனால் மூளை தனக்கு வேண்டிய குளூட்டமேட்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டில் வருவதில் பெரும்பகுதியைக் குடலே தன் செலவுக்கு எரித்துவிடும். மிச்சம் ரத்தத்தில் கலந்தாலும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு அதைச் சுலபமாக உள்ளே விடாது. ரசத்துக்குப் பிழிகிற தக்காளியில் இருப்பதும் இதே குளூட்டமேட்தான். இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இனி பட்டறையும் சிகரெட்டும்.

என்னிடம் வந்த ஒருவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நோயை முதலில் அவருக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு தே புங்குஸ், பையில் கட்டித் தரும் தேநீர். காப்பிக் கடையில் கட்டிக் கொடுக்கும் பையின் கயிற்றை வலது கை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பது அவர் வழக்கம். ஒரு நாள் விரல் தானாக நிமிர்ந்து பை கீழே விழுந்தது. மறுவாரம் இன்னொரு பை. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார். என்னிடம் வந்தபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்க வேண்டிய சதை மேடு பள்ளமாகக் கிடந்தது. மருந்தைப் பற்றி, எத்தனை நாள் என்பதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்றுதான் கேட்டார்.

எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களுக்குத் தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. சதை குழிவிழுந்து கண்ணுக்குத் தெரியும்போது, அதை ஆட்டுவிக்கும் நரம்பணுக்களில் ஏராளமானவை ஏற்கெனவே செத்துப்போயிருக்கும். விதை விழுந்தது பத்து வருடத்துக்கு முன்பா, முப்பது வருடத்துக்கு முன்பா என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் வந்தவரிடம் போய், "பூச்சிமருந்து தொட்டீர்களா? தலையில் அடிபட்டதா?" என்று கேட்டால், அவர் ராத்திரி தூங்காமல் யோசித்து ஒன்றுவிடாமல் சொல்வார். நன்றாக இருப்பவரிடம் அதையே கேட்டால், "ஞாபகம் இல்லையே" என்பார். இரண்டு பதிலையும் ஒப்பிட்டால் கணக்கு எப்படி வரும்? அதனால் இந்த நோயைப் பற்றி "இதனால் வருகிறது" என்ற செய்தியைப் படித்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: விவரத்தை நோய் வருவதற்கு முன் எழுதி வைத்தார்களா, வந்த பின் கேட்டார்களா?

சிகரெட் விஷயத்தில் முன்பே எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. ஐரோப்பாவில் பத்து நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. புகைக்கவே புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால், புகைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய இரு மடங்கு. ஆக, அக்கா சொல்வது வெறும் கோபம் இல்லை. வாழ்க்கைப் பழக்கங்களில் நோயோடு ஓரளவு உறுதியாகத் தொடர்புபடுத்தக்கூடியது சிகரெட்தான். ஆனால் "இரு மடங்கு" என்பதை எதன் மீது பெருக்குகிறோம் என்று பாருங்கள். ஐரோப்பாவில் லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் இந்த நோய் புதிதாக வருகிறது. கிழக்காசியாவில் அதைவிடக் குறைவு. காப்பிக் கடை வாசலில் மஞ்சள் கோட்டுக்குள் நின்று புகைப்பவர்களில் அநேகமாக எல்லாருமே இந்த நோய் வராமல்தான் போய்ச் சேரப்போகிறார்கள். நுரையீரலும் இதயமும் அவர்களை முந்திக்கொள்ளும், அது வேறு கதை.

பட்டறைக்கு வருகிறேன். பெரியப்பா புகையைச் சொல்கிறார். நான் அதைவிட ஈயத்தை யோசிப்பேன். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கக் கப்பல் உடம்பில் சிவப்பு ஈயப் பூச்சு அடிப்பது பழைய வழக்கம். பழைய பூச்சைச் சுரண்டும்போதும் அதன் மீது வெல்டிங் வைக்கும்போதும் தூசியும் ஆவியுமாக உள்ளே போகும். ஈயத்துக்கு ஆளானவர்களிடம் இந்த நோய் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஈயம் ரத்தத்தில் சில வாரம்தான் தங்கும். மீதி எலும்பில் போய் உட்கார்ந்து பத்து, இருபது வருடம் கிடக்கும். நோயால் கை கால் அசையாமல் போனால் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்தால் உள்ளே இருந்த ஈயம் ரத்தத்துக்கு வரும். இப்போது அப்பாவின் ரத்தத்தைச் சோதித்து ஈயம் கூடுதலாக இருந்தால், ஈயத்தால் நோய் வந்ததா, நோயால் ஈயம் வெளியே வந்ததா? பல ஆய்வுகள் தடுக்கி விழுந்த இடம் இது. இன்னொன்று, சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998 வரை இருந்தது. அப்பா வயதுக்காரர்கள் எல்லாருமே, பட்டறைக்குள் காலே வைக்காதவர்களும்கூட, அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

வெல்டிங் புகையில் மாங்கனீஸ் இருக்கும். அது அளவு மீறினால் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் விறைப்பும் வரும். அது தனி நோய். இன்னொரு பக்கம், வெல்டிங் கம்பியில் பாயும் மின்சாரம் பக்கத்தில் வலுவான காந்தப்புலத்தை உண்டாக்கும். நெதர்லாந்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையிடத்தில் அப்படிப்பட்ட காந்தப்புலத்துக்கு அதிகமாக ஆளான ஆண்களிடம் ஆபத்து இரு மடங்காகத் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு வீட்டு வைஃபையை அணைத்தவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. வைஃபை ரேடியோ அலை, ஆய்வு பார்த்தது மின் கம்பிகளைச் சுற்றி வரும் மிகத் தாழ்ந்த அதிர்வெண். பூச்சிமருந்து, டீசல் புகை, காற்று மாசு இவற்றின் மீதும் சந்தேகம் இருக்கிறது. ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது என்பதால் மேலே போகிறேன்.

ஆக, பட்டறைக்குப் பங்கு இருந்திருக்கலாம். அப்பா விஷயத்தில் இருந்தது என்று எந்த டாக்டராலும் எழுதித் தர முடியாது. அமெரிக்காவில் ஒரு தனி ஏற்பாடு உண்டு. 1991 வளைகுடாப் போருக்குப் போன படைவீரர்களிடம் இந்த நோய் மற்ற வீரர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று 2003-இல் தெரிந்தது. 2008-இலிருந்து, முன்னாள் படைவீரருக்கு ஏ.எல்.எஸ். (இந்த நோயின் முக்கிய வகை) வந்தால் அது பணியால் வந்ததாகவே வைத்துக்கொண்டு உதவி கொடுக்கிறார்கள். எது காரணம் என்று கண்டுபிடித்துவிட்டுச் செய்ததில்லை. கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தால் ஆள் இருக்க மாட்டார் என்று செய்தது.

சுற்றுச்சூழல் காரணத்தை ஏறக்குறைய கையும் களவுமாகப் பிடித்த இடங்கள் என்று பார்த்தால், தொழிற்சாலையை விட்டுவிட்டு ஒரு தீவுக்கும் ஒரு மலைக்கும் போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பசிபிக் கடலில் இருக்கும் குவாம் தீவில், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, சமோரோ மக்களிடம் இந்த நோய் மற்ற இடங்களைப் போல ஐம்பது முதல் நூறு மடங்கு இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர். ஜீன் என்று நினைத்தார்கள். ஆனால் அடுத்தடுத்த தலைமுறையில் நோய் மளமளவென்று குறைந்தது. ஜீன் அவ்வளவு வேகமாக மாறாது, சாப்பாடு மாறும். அங்கே சைகஸ் மரத்தின் விதையை, நம் பூங்காக்களில் பனைக்குத் தம்பி மாதிரி நிற்குமே அதே குடும்பம், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து நஞ்சை எடுத்துவிட்டு மாவாக்கி ரொட்டி சுடுவார்கள். நஞ்சு முழுதாகப் போகவில்லையோ என்று சந்தேகம். அந்த விதையைத் தின்னும் பழந்தின்னி வௌவால்களைத் தேங்காய்ப்பாலில் சமைத்துச் சாப்பிட்டதில் நஞ்சு சேர்ந்ததோ என்று 2002-இல் இன்னொரு யோசனை வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் மோன்ஷவான் என்று ஒரு சின்ன ஊர். பனிச்சறுக்குக்குப் பேர் போனது. அந்த ஊரைச் சுற்றி 14 பேருக்கு இந்த நோய். தண்ணீர், மண், காற்று, ஈயம் எல்லாவற்றையும் சோதித்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் தெரிந்தது, நோய் வந்தவர்கள் வசந்த காலத்தில் காட்டில் பறிக்கும் ஒரு வகைக் காளானைச் சாப்பிட்டிருந்தார்கள். நஞ்சுள்ளது என்று தெரிந்தும், ருசிக்காக. 2021-இல் இதை வெளியிட்டார்கள். அந்தக் காளான் நஞ்சும் குவாம் விதையின் நஞ்சும் உயிரணுவின் மரபுப் பொருளைச் சேதப்படுத்தும் வகையில் ஒன்றுக்கொன்று உறவு.

நமக்குத் தெரிந்த உறவும் ஒன்று இருக்கிறது. ஊரில் துவரம் பருப்பில் கேசரிப் பருப்பைக் கலக்கிறார்கள் என்று பாட்டிமார் புலம்பிக் கேட்டிருப்பீர்கள். பஞ்ச காலத்தில் அதையே மாதக்கணக்கில் முக்கிய உணவாகத் தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். இந்தியா 1961-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. ஆப்பிரிக்காவில் கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பதப்படுத்தாமல் சாப்பிட்டாலும் இதே மாதிரி கால் விறைக்கும். (உபி காயு பலகாரத்தை ஒதுக்க வேண்டாம், அது வேறு மரவள்ளி, வேகவைத்தது.) இரண்டும் மூளையிலிருந்து இறங்கும் மேல் நரம்பணுக்களை மட்டும் தாக்கும். பிறகு அதே நிலையில் நின்றுவிடும். அப்பாவின் நோய் அப்படி இல்லை. இருந்தாலும், இயக்க நரம்பணுவைச் சாப்பாட்டால் கெடுக்க முடியும் என்பதற்கு இவை சாட்சி. இதுவரை சிக்கிய பெரிய சந்தேக ஆசாமிகள் மூவருமே விதை, காளான், பருப்பு என்று சுத்தமான இயற்கை உணவு. அஜினோமோட்டோவைத் திட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை எனக்கு.

இதையெல்லாம் ஒரு படத்தில் அடக்கிய ஆய்வு 2014-இல் வந்தது. வயது ஏற ஏற நோய் எந்த வேகத்தில் கூடுகிறது என்று ஐரோப்பியப் பதிவேடுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கு நோய் வர ஆறு படிகள் தேவை என்று கணக்கு காட்டியது. நம் டோட்டோ லாட்டரி மாதிரி. ஆறு எண்ணும் விழுந்தால்தான். ஒரு எண் சிகரெட்டாக இருக்கலாம், ஒன்று ஈயம், ஒன்று வயது, ஒன்று உயிரணு பிரியும்போது தற்செயலாக நடந்த பிழை. 2018-இல் அதே முறையில் பார்த்தபோது, எஸ்ஓடி1 என்ற ஜீனில் பிழையோடு பிறந்தவர்களுக்கு இரண்டே படிதான் தேவைப்பட்டது. சி9ஓஆர்எஃப்72 பிழை என்றால் மூன்று. பிறக்கும்போதே சில எண்கள் விழுந்த சீட்டு. அப்பாவின் சீட்டில் எந்த எண் முதலில் விழுந்தது, எது கடைசி என்று பார்க்க வழி கிடையாது. பெரியப்பாவும் அக்காவும் ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு இது மட்டும்தான் என்று சண்டை போடுகிறார்கள்.

இப்போது உங்கள் காலணி. இத்தாலியில் 1970 முதல் 2001 வரை தொழில்முறையாகக் கால்பந்து ஆடிய 7,325 பேரில் 5 பேருக்கு இந்த நோய். எதிர்பார்க்க வேண்டியது ஒருவருக்கும் குறைவு. ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரர்களிடம் 2019 ஆய்வில் நான்கு மடங்கு. பந்தைக் கையில் ஏந்தி ஒருவரை ஒருவர் மோதிச் சாய்க்கும் அமெரிக்கக் கால்பந்தில் 19,423 வீரர்களைப் பார்த்த 2021 ஆய்விலும் ஏறக்குறைய நான்கு மடங்கு. செய்தித் தலைப்புகள் இங்கேயே நின்றுவிடும். நான் அந்த 19,423-ஐ எடுத்துக்கொண்டு நோய் வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பேன். 38 பேர். நான்கு மடங்கு என்றால் ஆயிரத்துக்கு இரண்டு. அதுவும் தலையில் மோதி மோதியே சம்பாதிப்பவர்களிடம். மோதலே இல்லாத விளையாட்டிலும் ஒரு தகவல் உண்டு. ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியில் முன்னணியில் முடிப்பவர்களிடம் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் உடலை அப்படி வருத்துவதால் நோய் வருகிறதா, அப்படி ஓடுவதற்கென்றே அமைந்த உடலோடு பிறப்பதே ஒரு எண்ணா என்பது பிரித்துச் சொல்ல முடியாதது. வருடத்துக்கு ஒரு மாரத்தான், வாரத்துக்கு நான்கு நாள் பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டம் என்பதற்கும் இதற்கும் வெகு தூரம். தேசிய சேவையில் கட்டுமஸ்தாக ஓடியதை நினைத்தும் கவலை வேண்டாம். காலணியை வெளியே எடுங்கள்.

உங்களுக்கு உண்மையில் பொருட்படுத்த வேண்டிய கேள்வி ஜீன். பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இருந்திருக்காது. பாட்டன் பூட்டன், அத்தை, சித்தப்பா யாருக்காவது கை கால் சூம்பி, பேச்சு குழறி, சில வருடத்தில் இறந்த கதை இருக்கிறதா என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். பட்டறையைப் பற்றிப் பேசுவதைவிட அவர் அங்கே அதிகம் உதவுவார். எஸ்ஓடி1 பிழை நம் ஆசியப் பக்கத்தில் ஐரோப்பாவைவிட அதிகம் பார்க்கப்படுவது. அதற்கென்று டோஃபர்சன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது. அதனால் அப்பாவுக்கு ஜீன் சோதனை பொருந்துமா என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் சொந்த ரத்தத்தைக் கொடுக்கும் முன் மரபியல் ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுங்கள். முடிவு தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாது. இணையத்தில் "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்" என்று ஒன்று கண்ணில் பட்டால் பதற வேண்டாம். 1970-இல் சென்னை டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி எழுதியது. முப்பது வயதுக்குள் தொடங்கி, காது கேளாமையோடு, மெதுவாக நகரும் வகை. 63 வயதில் வந்த அப்பாவுக்கு அது பொருந்தவில்லை.

அப்புறம், நீங்கள் கேட்காதது ஒன்று. நோய் வருவதற்கு முன் எது ஆபத்து என்பதும், வந்த பின் எது ஆபத்து என்பதும் ஒன்றல்ல. சர்க்கரை, கொழுப்பு என்று பலதுறை மருந்தகத்தில் பயமுறுத்தி, சோற்றைக் குறை, நெய்யைத் தொடாதே என்றே பல வருடம் ஓட்டிய வீடுகள் நம்முடையவை. இந்த நோயில் எடை குறைந்தால் நோயாளி சீக்கிரம் சரிகிறார். பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். என் லாரிக்காரர் வீட்டில் அவர் மனைவி, நோய்க்குப் பத்தியம் என்று நினைத்து, மூன்று மாதம் கஞ்சியும் ரசமுமாகக் கொடுத்து ஏழு கிலோ குறைத்துவிட்டார். அன்பால் செய்ததுதான். ரசம் போலத் தண்ணியாக இருப்பது விழுங்கச் சிரமப்படுபவருக்குப் புரையேறும், கெட்டியாக இருப்பது இறங்கும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் வாரத்துக்கு ஒரு முறை, ஒரே தராசில், அப்பாவின் எடையைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது உணவியல் நிபுணரையும், விழுங்குவதைப் பார்க்கும் பேச்சு சிகிச்சையாளரையும் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் மாத்திரையை அவர்கள் சரிசெய்வார்கள். சிகரெட்டை இப்போதும் நிறுத்தினால் நல்லது. மூச்சுத் தசை தளரப்போகிறது, நுரையீரலாவது சுத்தமாக இருக்கட்டும். "அப்பவே சொன்னேன்" என்று அக்கா தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம், தோசைக்கு நெய் தாராளமாக ஊற்றச் சொல்லுங்கள். குழம்பில் ருசி இல்லை என்று அப்பா தட்டைத் தள்ளினால், ஒரு சிட்டிகை அஜினோமோட்டோவும் போடலாம்.